மலைக்கோட்டை அடிவாரத்தில் யாருடைய வரலாறு?

திருச்சி மலைக்கோட்டையின் அடிவாரத்தில், ராணி மங்கம்மாள் பெயரில் இருக்கும் நாயக்கர் கால தர்பார் மண்டபத்தில்தான் அரசு அருங்காட்சியகம் இயங்குகிறது. சாமி சிலைகள், காசுகள், ஆயுதங்கள் எல்லாம் அங்கே உண்டு. மே 18 உலக அருங்காட்சியக நாளோ, நவம்பரில் மரபு வாரமோ வந்தால் இப்படிப்பட்ட இடங்களில் ஓவியப் போட்டி, கண்காட்சி, சொற்பொழிவு என்று நடக்கும். நல்லதுதான். ஆனால் கோபுரத்தை வரையும் பிள்ளையிடம், அந்தக் கோபுரத்துக்குள் யார் எப்போது நுழைய முடிந்தது என்று யாராவது சொல்கிறார்களா?

சான்று இல்லை என்று நம்மிடம் சொல்வார்கள். சான்று கல்லிலேயே இருக்கிறது தோழர்களே. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டுகளை எடுத்துப் படியுங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால் இவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி, பறைச்சுடுகாடு ஆகியவையும் வருகின்றன. சோழப் பெருமை பேசும் மேடைகளில் இந்த வரிகளை யாரும் வாசிப்பதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சுடுகாடு தனி.

காவிரிக்கு அந்தப் பக்கம் திருவரங்கம். 2017-இல் அதன் புனரமைப்புப் பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. உறையூரில் பாணர் குடியில் வளர்ந்த திருப்பாணாழ்வார் கதை நமக்குத் தெரியும். ஆற்றின் தென்கரையில் நின்றே பாடியவர். வழிவிடவில்லை என்று லோகசாரங்க முனி கல்லெறிந்தார், ரத்தம் வந்தது. பிறகு அரங்கனே சொல்ல, அதே முனிவர் அவரைத் தோளில் சுமந்து உள்ளே போனார். அமலனாதிபிரான் பத்துப் பாட்டும் பாடி முடித்ததும் பாணர் மறைந்துபோனார். சமத்துவத்துக்குச் சாட்சியாக இந்தக் கதையைச் சொல்கிறார்கள். நாம் வேறொன்றையும் கவனிக்கிறோம்: அவர் சொந்தக் காலால் உள்ளே நடக்கவில்லை, திரும்பி வெளியே வரவும் இல்லை. நந்தனுக்கும் கிட்டத்தட்ட இதே முடிவுதான். உள்ளே போன நம்மாள் உறையூருக்குத் திரும்பி வந்து, அடுத்த நாள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போனதாக ஒரு கதை ஏன் இல்லை? சொந்தக் காலால் நடந்து போகும் உரிமையைச் சென்னை மாகாணம் முழுவதற்கும் சட்டமாக்க 1947 வரை ஆனது.

இனி மேலப்புதூருக்கு வாருங்கள். அங்கே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் பிணங்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்க ஒரு சுவர். 2010-இல் பெரியார் திராவிடர் கழகத் தோழர்கள் அதை இடிக்கப் போன பிறகுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. ராஜராஜன் கல்வெட்டின் பறைச்சுடுகாட்டுக்கும் இந்தச் சுவருக்கும் நடுவே மதம் மாறியது, அரசு மாறியது. திருச்சியின் சாதி வரலாற்றுக்கு இதைவிட நேர்மையான காட்சிப்பொருள் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் கிடையாது.

இதை எப்படிக் காட்சிப்படுத்துவது? இன்னொரு மலையடிவார நகரத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ என்ற பகுதியை 1966-இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, சுமார் 60,000 பேரை வெளியேற்றி, வீடுகளை இடித்தார்கள். 1994-இல் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் மக்களே அருங்காட்சியகம் திறந்தார்கள். தரையில் பெரிய தெரு வரைபடத்தை விரித்து, விரட்டப்பட்டவர்களிடம் பேனாவைக் கொடுத்தார்கள். என் வீடு இங்கே, என் கடை இங்கே என்று அவர்களே எழுதினார்கள். மன்னர் சிலை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

ஏப்ரல் தலித் வரலாற்று மாதம். திருச்சிக் கல்லூரி மாணவர்கள் ஒரு துணியில் உறையூர், தென்கரை, மலைக்கோட்டை, மேலப்புதூர் என்று வரைந்து, அதைச் சேரிகளுக்கு எடுத்துப்போய் விரிக்கலாம். பாட்டிகளும் தாத்தாக்களும் எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்தார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் மறுக்கப்பட்டது என்று சொல்வதை அதிலேயே எழுதிக்கொள்ளலாம். பறை அடிக்கும் தோழர்களைக் கூட்டிப்போங்கள், கூட்டம் சேரும். துணி நிரம்பியதும் தர்பார் மண்டபத்தில் ஒரு வாரம் தொங்கவிட இடம் கேட்டு மனுக் கொடுப்போம். அதற்கு முன், கல்லறைச் சுவரின் இரண்டு பக்கமும் உள்ள பெயர்களையும் ஆண்டுகளையும் படியெடுக்க வேண்டும். மழையில் எழுத்து அழிந்துகொண்டே வருகிறது.