கம்பியா, பொதியா: வெருகல் போன்ற ஓர அலுவலகங்களுக்கான வலையமைப்புப் பகுப்பாய்வித் தெரிவு

வலையமைப்புப் பகுப்பாய்வி ஒன்றைக் கொள்வனவு செய்யும்போது, அது எத்தனை நெறிமுறைகளை வாசிக்கும் என்பதையே பலரும் முதலில் பார்க்கிறார்கள். திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், மகாவலியின் கிளையான வெருகலாறு கடலைச் சேரும் பகுதியில் இயங்கும் ஒரு பிரதேச செயலகத்துக்கோ பாடசாலைக் கணினிக்கூடத்துக்கோ அந்த அளவுகோல் பொருந்தாது என்பது இக்கட்டுரையின் வாதம். திருகோணமலை நகரிலிருந்து தொழினுட்ப உத்தியோகத்தர் கிண்ணியாவும் மூதூரும் கடந்து வந்துசேர வேண்டும். அதற்கு முன், பழுது கம்பியிலா அதற்கு மேலேயா என்று அலுவலகத்தில் இருப்பவரே பிரித்தறிய உதவும் கருவிதான் அங்கு பயன்படும்.

நெறிமுறை வாசிப்பு ஒருகாலத்தில் விலையுயர்ந்த சரக்கு. 1986இல் நெட்வேர்க் ஜெனரல் நிறுவனம் 'ஸ்னிஃபர்' என்ற கருவியாக அதை விற்றது. 1998இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் வெளியிட்டு, 2006இல் வயர்ஷார்க் எனப் பெயர் மாறிய மென்பொருள் அதே வேலையை இலவசமாகச் செய்கிறது. ஆகவே பொதிகளை விரித்துக் காட்டும் திறனுக்கென இன்று பெரும்பணம் செலவிடுவதற்கு நியாயம் குறைவு.

ஆனால் வயர்ஷார்க்கை நிறுவியதோடு வேலை முடிவதில்லை. பிழைச்சோதனையில் தவறும் ஈதர்நெட் சட்டகத்தை வலையமைப்பு அட்டை பொதுவாகத் தானே எறிந்துவிடும். மென்பொருள் அதைக் காண்பதே இல்லை. உப்புக்காற்றில் இணைப்பியின் செப்புமுனை அரித்தாலும், இடிமின்னலில் சுவிட்சின் துறை பாதி பழுதானாலும் திரையில் தெரிவது தாமதமும் மீள்அனுப்பலும் மட்டுமே. இருவழிமுறை முரண்பாடும் இவ்வகையே. ஒரு முனையை முழு இருவழியில் கையால் நிலைநிறுத்தி, மறுமுனையைத் தானியங்கு நிலையில் விட்டால், தானியங்கு முனை அரை இருவழிக்கு இறங்கிவிடும். பிங் சோதனை பெரும்பாலும் சரியாகவே வரும். பெரிய கோப்பை அனுப்பினாலோ இணைப்பு ஊர்ந்து செல்லும். காரணம் பதிவாவது சுவிட்சின் துறை எண்ணிகளில்: ஒரு பக்கம் பிந்திய மோதல்கள், மறுபக்கம் பிழைச்சோதனைத் தவறுகள்.

சுவிட்ச் வேறொரு வகையிலும் குறுக்கே நிற்கிறது. பழைய ஹப் எல்லாப் பொதிகளையும் எல்லோருக்கும் கொட்டியது. சுவிட்ச் உரியவருக்கு மட்டும் கொடுக்கிறது. மற்றத் துறைகளின் போக்குவரத்தை நகலெடுத்துத் தரும் பிரதித்துறை வசதியில்லாத மலிவான சுவிட்சில் மடிக்கணினியைச் செருகினால், அதன் சொந்தப் போக்குவரத்தையும் பொது ஒலிபரப்பையும் தவிர வேறெதுவும் ஏறக்குறையத் தெரியாது. பகுப்பாய்வித் தெரிவு, உண்மையில் சுவிட்ச் தெரிவிலேயே பாதி முடிந்துவிடுகிறது. மேலாண்மை வசதியுள்ள சுவிட்சுக்குச் செலவிட்ட பிறகே வேறு கருவிகளைப் பற்றிப் பேசவேண்டும் என்பேன்.

பொதிப் பகுப்பாய்வுக்கு ஈடில்லாத இடமும் உண்டு. யாரோ வீட்டு ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து அலுவலகச் சுவர்த்துறையில் தவறாகச் செருகிவிடுகிறார். அது தன் போக்கில் முகவரிகளை வழங்கத் தொடங்குகிறது. சிலருக்கு இணைப்புண்டு, சிலருக்கில்லை. கம்பிச் சோதனையில் குறை எதுவும் தெரியாது. மடிக்கணினியே முகவரி கேட்டால் இரண்டு பதில்கள் வரும், பிரதித்துறைகூடத் தேவையில்லை.

விலையுயர்ந்த கையடக்கச் சோதனைக் கருவி கம்பிச் சோதனை, பொதிப் பகுப்பாய்வு இரண்டையும் ஒருங்கே செய்யுமே என்று கேட்கலாம். மாவட்ட மட்டத்தில் ஒன்றை வைத்துப் பகிர்ந்துகொள்ள அது சரி. அலுவலகத்துக்கு, கம்பி அறுந்த தூரத்தை மீற்றரில் சொல்லும் சோதிப்பானே போதும். விளக்கு மட்டும் எரியும் மலிவுச் சோதிப்பானை நான் பரிந்துரைக்கமாட்டேன். அது தொடர்ச்சியை மட்டுமே காட்டும், பழுது எங்கே என்று சொல்லாது.

சட்டத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் தரவை அனுமதியின்றி இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்பைப் பற்றியது. அஸ்வெசும நலன்புரி உதவி விண்ணப்பதாரரின் விபரங்கள் ஓடும் வலையமைப்பில் எழுத்துமூல அனுமதியின்றிப் பொதி பிடிக்கக்கூடாது. பொதியின் முதல் 96 பைட்டுகளோடு பதிவை நிறுத்தும் வசதி கருவியில் இருக்கவேண்டும். பழுதறியத் தேவையான தலைப்புகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். முகவரி வழங்கும் பதில்கள் 300 பைட்டளவுக்கு நீள்பவை என்பதால், அவற்றை மட்டும் தனி வடிகட்டியிட்டு முழுமையாகப் பிடிக்கலாம்.