போஸ்ட்கிரஸ் மென்பொருளும் மதிப்பாய்வாளர் மரபும்

நூலொன்றை இயற்றுதல் வேறு. அது பிழை நீங்கி அவையில் நிலைபெறுதல் வேறு. இயற்றுவோன் ஒருவனாயினும் ஆராய்வோர் பலராதல் வேண்டும் என்பதே நம் முன்னோர் போற்றிய அரங்கேற்ற வழக்கின் உட்கிடையாகும். பல நாட்டார் கூடி ஆக்கி, மூலநிரலையும் மறையாது, எவர்க்கும் விலையின்றி வழங்கும் திறந்த மூல மென்பொருள்களுக்கும் இஃது ஒக்கும். ஆயின், அத்துறையில் நெடுங்காலமாக ஓர் இடர்ப்பாடு உண்டு. தாமே புதியது எழுத முன்வருவோர் பலர். பிறர் எழுதியதைப் பொறுமையுடன் படித்துக் குறைநிறை கூற முன்வருவோர் சிலர். இவ்விடர்ப்பாடு எவ்வாறு தோன்றியது, அதனை நீக்க எவ்வழிகள் கையாளப்பெற்றன என்பவற்றைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1. பல்கலைக்கழகத் தோற்றமும் முடிவும்

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1970-களில் இங்கிரெஸ் என்னும் தரவுத்தளம் ஆக்கப்பெற்றது. அதன் வழித்தோன்றலாக 1986-இல் போஸ்ட்கிரஸ் ஆய்வு தொடங்கிற்று. ஆய்வின்பொருட்டு எழுதப்பெற்ற இம்மென்பொருளை வெளியார் பலரும் எடுத்தாளத் தலைப்பட்டனர். 1993-ஆம் ஆண்டில் மட்டும் வெளிப் பயனாளர் தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று. அவர்தம் ஐயங்களுக்கு விடை கூறுதலிலும் பிழை களைதலிலும் ஆய்வுக்குரிய காலம் கழிந்தது. ஆதலின் 4.2 என்னும் பதிப்போடு பல்கலைக்கழகம் அப்பணியை முடித்துக்கொண்டது.

இங்கு நோக்கற்பாலது ஒன்றுண்டு. பயனாளர் இன்மையால் இப்பணி நிற்கவில்லை. அவர் பெருகியமையால் நின்றது. பயன்கொள்வோரைப் பணிசெய்வோராக மாற்றும் முறை அந்நாளில் அமையவில்லை என்பதே அதன் காரணமாதல் தெளிவு.

எனினும், எவரும் எடுத்து வளர்க்கலாம் என்னும் உரிமம் அதற்கு இருந்தது. 1994-இல் ஆண்ட்ரூ யு, ஜாலி சென் என்னும் மாணவர் இருவர் அதற்கு எஸ்கியூஎல் மொழியை ஏற்றினர். நிரலின் அளவைக் காற்பங்கு குறைத்தனர். போஸ்ட்கிரஸ்95 என்னும் பெயரால் வெளியிட்டனர்.

2. சிறு குழுவின் காலம்

1996-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், கனடா நாட்டு மார்க் ஃபூர்னியர் தம் கணிப்பொறியில் இம்மூலநிரலுக்கு இடமளித்தார். பல்கலைக்கழகத்திற்குப் புறத்தே அதற்கு அமைந்த முதல் இல்லம் அதுவே. அமெரிக்கராகிய புரூஸ் மோம்ஜியனும் உருசியராகிய வதீம் மிக்கேயவும் அவருடன் சேர்ந்தனர். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் இன்றைய பெயரும் அவ்வாண்டிலேயே வழங்கலாயிற்று.

உதவ விழைந்தோர் அப்பொழுதும் பலர் இருந்தனர். ஆயின், சிறிது காலம் தரவல்ல பலரினும் மிகுந்த காலம் தரவல்ல சிலரே இப்பணிக்கு வேண்டும் என்பது ஜாலி சென்னின் கருத்தாயிருந்தது. ஏறத்தாழ 2,50,000 வரிகள் கொண்ட நிரலை முற்றக் கற்ற பின்னரே அதில் கைவைத்தல் இயலும் ஆதலின், அக்கருத்து அந்நிலைக்குப் பொருந்துவதே. ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்பொழுதே மற்றொருவர் எழுதினும் இரு சாராரும் குழப்பமின்றிப் பணியாற்ற உதவும் பன்முகப் பதிப்பு முறை, மிக்கேயவின் உழைப்பால் 1999-இல் 6.5 பதிப்பில் அமைந்தது. 1998-இல் வந்து சேர்ந்த டாம் லேன் பல்லாண்டுகள் இம்மென்பொருளின் தூணாய் நின்றார். சிலர் அளித்த மிகுந்த காலத்தின் விளைவுகள் இவை.

இவ்வமைப்பின் குறை பின்னரே புலனாயிற்று. அறிந்தோர் சிலராயின், அனைத்தும் அவர் கண்ணோட்டத்திற்குக் காத்திருத்தல் வேண்டும்.

3. 2007-ஆம் ஆண்டின் தேக்கமும் புதிய முறையும்

8.3 பதிப்பிற்குரிய புதுப்பணிகளை ஏற்றல் 2007 ஏப்பிரல் தொடக்கத்தோடு நிறுத்தப்பெற்றது. பதிப்பு வெளிவந்ததோ 2008 பிப்ரவரியில். இடைப்பட்ட பத்துத் திங்களும் பெரும்பாலும் குவிந்துகிடந்த திருத்தங்களை ஆராய்தலிலும் செப்பஞ்செய்தலிலும் கழிந்தன. சுட்டுப்பட்டியல்களைத் தொடாமலே வரிசைப்பதிவை மாற்ற உதவும் நுட்பம் போன்ற அரிய பணிகள் இறுதியில் வந்தமையும், அவற்றை ஆராயவல்லார் சிலராயிருந்தமையுமே இத்தாழ்ப்புக்குப் பெருங்காரணங்கள்.

எனவே, 2008 மார்ச்சில் கமிட்ஃபெஸ்ட் என்னும் முறை தோன்றிற்று. குறித்த திங்களில் புதியது எழுதுதலைக் குறைத்து, அதுவரை வந்த திருத்தங்கள் அனைத்தையும் ஆராய்தல் அதன் நெறி. ஒவ்வொரு திருத்தமும் பட்டியலில் பதிவாகும். சேர்க்கப்பெறும், அல்லது குறிப்புடன் திருப்பப்பெறும், அல்லது மறுக்கப்பெறும். விடையின்றிக் கிடத்தல் ஆகாது. நெடுநாள் உழைத்து எழுதியதற்கு ஒரு சொல்லும் மறுமொழி பெறாதவன் மீண்டும் வாரான் ஆதலின், இவ்விதி புதியோரை நிலைநிறுத்துதற்கு முதற்காரணமாம்.

ஆயினும், முறை மட்டுமே போதவில்லை. 2008 நவம்பரில் தொடங்கிய ஆய்வுத் திங்கள் அடுத்த ஆண்டிலும் பல திங்கள் நீண்டது. துணைக் கணிப்பொறியிலும் தரவைப் படிக்கவிடும் பெரும்பணி, அப்பதிப்பில் சேராது, 2010-இல் வந்த 9.0 பதிப்பிற்குத் தள்ளப்பெற்றது. ஆராய்வோர் தொகையைப் பெருக்குதல் இன்றியமையாததாயிற்று.

4. மதிப்பாய்வாளரை ஈர்த்த வழிகள்

கையாளப்பெற்ற வழிகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, பணியைப் படிப்படியாகப் பகுத்தல். திருத்தம் மூலத்தோடு இசைகின்றதா, சோதனைகளும் விளக்கவுரையும் உடன் உள்ளனவா, சொன்னபடி இயங்குகின்றதா என்பன முதற்படிகள். நிரலின் நடையும் கட்டமைப்பும் பின்னைப்படிகள். முன்னையவற்றை அகநுட்பம் முழுதும் அறியாதாரும் செய்யலாம்.

இரண்டாவது, கைம்மாற்றுக் கடமை. திருத்தம் ஒன்று அளிப்போர் அதனை ஒத்த கடுமையுடைய பிறிதொன்றை ஆராய்தல் வேண்டும்.

மூன்றாவது, பெயர் பொறித்தல். திருத்தம் மூலத்தில் சேருங்கால் எழுதியவர் பெயரோடு ஆராய்ந்தவர் பெயரும் குறிக்கப்பெறும். 2017-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பு முதலாக, வெளியீட்டுக் குறிப்பின் ஈற்றில் எழுதினோர், ஆராய்ந்தோர், சோதித்தோர், பிழை சுட்டினோர் ஆகிய அனைவரும் ஒரே அகரவரிசையில் இடம்பெறுகின்றனர்.

நான்காவது, பொறியின் துணை. பல்வகைக் கணிப்பொறிகளில் நிரலை இயக்கிச் சோதிக்கும் அமைப்பு 2004-இல் தோன்றிற்று. சேர்க்கப்பெறாத திருத்தங்களையும் தானே சோதிக்கும் அமைப்புப் பின்னர் வந்தது. பொறி காணும் பிழைகளை மனிதர் தேட வேண்டாமையின், அவர்தம் காலம் தீர்ப்புக்குரியவற்றில் செல்லும்.

5. தடையும் விடையும்

இனி, ‘பயிற்சியில்லார் ஆராய்ந்து பயன் என்னை? மூலத்தில் சேர்க்கும் உரிமையுடையார் மீண்டும் முழுவதும் படித்தல் வேண்டுமன்றோ?’ எனின், அத்தடை ஒருபுடை உண்மையே. சேர்ப்பவர் தலையில் இறுதிப் பொறுப்பு உள்ளவரை அவர் படித்தே தீரல் வேண்டும். ஆயின், ஆராய்தலின் பயன் அத்திருத்தத்தோடு நின்றுவிடுவதன்று. பிறர் நிரலைப் படிப்பவர் அம்மென்பொருளின் மரபையும் காரணங்களையும் கற்கின்றார். இன்று ஆராய்பவர் நாளை நன்கு எழுதுவர். அவருள் சிலர் சேர்க்கும் உரிமையும் பெறுவர். இது கல்விமுறையேயன்றி வேலைப்பங்கீடு மட்டுமன்று.

இம்முறையால் இடர் முற்றும் நீங்கிற்று என்றல் பொருந்தாது. 2020-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒரே ஆய்வுத் திங்களின் பட்டியலில் 300-க்கு மேற்பட்ட திருத்தங்கள் நின்றதுண்டு. புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் முதலில் ஆராய்வோர்க்குச் சுமையாகவும் பின்னரே துணையாகவும் அமைவர். அச்சுமைக்காலத்தைத் தாங்குவார் யார் என்பதே எஞ்சிய வினா. 2024-இல், உரிமை பெற்றோர் சிலர் புதியோரை ஒருவர்க்கொருவராக ஏற்றுப் பயிற்றும் வழிகாட்டல் திட்டம் தொடங்கியமை இவ்வினாவின் விளைவேயாம்.

முடிபு

பெர்க்லியில் பயனாளர் பெருகப் பணி நின்றது. 1996-இல் சிலர் தம் காலத்தை மிகுதியும் அளித்து அதனை மீட்டனர். 2008-இல் அச்சிலர் போதார் என்பது தெளிந்து, பலரை அழைக்கும் நெறி வகுக்கப்பெற்றது. மிகுந்த காலம் தரும் சிலர் வேண்டும் என்ற பழைய கருத்தும், சிறிது காலம் தரும் பலரும் வருக என்ற புதிய நெறியும் தம்முள் முரணுவன அல்ல. முன்னையோர் பின்னையோருள்ளிருந்தே தோன்றுதல் வேண்டும். அவ்வாறு தோன்றுதற்கு வேண்டிய முதற்பயிற்சி பிறர் எழுதியதை ஆராய்தலே என்பது இவ்வரலாற்றால் பெறப்படும் முடிபாகும்.