ஆகஸ்டு 'ஊ' ஆன கதை

பிரெஞ்சில் மிக நீளமான சொல் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது 25 எழுத்துச் சொல் ஒன்று. 'அரசியலமைப்புக்கு முரணாக' என்று பொருள். ஆன்-தி-கோன்ஸ்-தி-துய்-சியோன்-நெல்-ல-மான் என்று எழுத்தில் ஒன்பது அசை. பேச்சில் அந்த 'ல' விழுங்கப்பட்டு எட்டாகிவிடும். பார்த்தால் பயமுறுத்தும், பிரித்தால் ஒன்றுமில்லை.

பிரிக்கும் விதி சுலபம். இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போகும். இரண்டு மெய் வந்தால் ஆளுக்கொன்று. ஆனால் இரண்டாவது மெய் 'ல்' அல்லது 'ர்' ஆக இருந்தால், பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நகரும்: தாப்-லோ அல்ல, தா-ப்ளோ. ஆங்கிலம்போல ஓர் அசையில் குத்தி மற்றதை மெல்லக் கூடாது. எல்லா அசைக்கும் சம மரியாதை. கடைசி அசை மட்டும் கொஞ்சம் நீளும்.

இந்த நீண்ட சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் சுவாரசியம். மக்கள் வாயில் புழங்கிய லத்தீன் சொற்கள் தேய்ந்து சிறுத்துவிட்டன. 'அவுகுஸ்தும்' நடுவிலிருந்த 'க'வை இழந்தது, வாலை இழந்தது, பிறகு 'ஸ்' ஒலியையும் இழந்தது. 1740இல் வந்த பிரெஞ்சு அகாதெமி அகராதி இப்படி ஒலிக்காத 'எஸ்' எழுத்துகளைப் பல சொற்களில் நீக்கி, உயிரெழுத்தின் தலையில் ஒரு தொப்பி வைத்தது. இன்று நாலு எழுத்து. ஒலி 'ஊ' (சிலர் 'ஊத்' என்பார்கள்). 1990 எழுத்துத் திருத்தம் அந்தத் தொப்பியும் கட்டாயமில்லை என்றது.

தேய்ந்த பிறகு படித்தவர்கள் லத்தீன் நூல்களிலிருந்து அதே சொற்களை மறுபடி கொண்டுவந்தார்கள். ஒரே மூலச் சொல் தேய்ந்து 'ஒத்தேல்' ஆனது, ஏட்டு வழியே வந்து 'ஒபித்தால்' ஆனது. 'ஃப்ரேல்', 'ஃப்ராழில்' இரண்டும் அப்படித்தான். நீளமான சொல்லைக் கண்டால் பெரும்பாலும் அது ஏட்டிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொள்ளலாம்.

நம் பெயர்களும் இந்த அசைக் கணக்கில் மாட்டிக்கொண்டன. சுப்பராயன் நான்கு அசை. பிரெஞ்சுப் பதிவேட்டில் அவர் சூ-ப்ரா-யேன், மூன்றே அசை. 'ப்ர' சேர்ந்துகொண்டு நடுவிலிருந்த 'அ'வைத் தின்றுவிட்டது. ராமசாமிக்கு இரட்டை 'எஸ்' போட்டார்கள், ஒற்றை போட்டால் 'இசட்' ஒலி வந்துவிடும் என்பதால். புதுவையில் மட்டுமல்ல, 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கு ரெயூனியன் தீவுக்குப் போனவர்களின் வாரிசுகளிடமும் இந்தப் பெயர்கள் இதே எழுத்தில் இருக்கின்றன.

நான் வேலையில் இருந்தபோது, பிரெஞ்சுப் பிறப்புச் சான்றில் ஓர் எழுத்தும் இந்திய அட்டையில் வேறு எழுத்துமாக வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட நோட்டரியிடம் உறுதிமொழி எழுதி வாங்க வேண்டும். பென்ஷன் அதுவரை காத்திருக்கும்.