சாம்பல் நிற உப்பு

"சுவரை நக்கிப் பாருங்கள்" என்றார் வழிகாட்டி. எல்லோரும் சிரித்தார்கள். நான் நக்கினேன். கரித்தது. அதுவரை கருங்கல் குகைக்குள் நிற்பதாகவே நினைத்திருந்தேன். வியெலிச்காவின் உப்பு வெள்ளை இல்லை, சாம்பல் நிறம்.

போலந்தில் கிராக்கோவ் நகரத்தை ஒட்டிய சிற்றூர் இது. அதன் உப்புச் சுரங்கத்துக்குள் 380 மரப்படிகள் இறங்கினால் 64 மீட்டர் ஆழம். ஒன்பது அடுக்குகளில் அது முதல் அடுக்குதான். கடைசி அடுக்கு 327 மீட்டரில்.

ஹங்கேரி இளவரசி கிங்கா தன் நாட்டு உப்புச் சுரங்கத்தில் போட்ட மோதிரம், போலந்தில் வெட்டிய முதல் உப்புக்கட்டிக்குள் இருந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பே இங்கே ஊற்றின் உவர்நீரைச் சட்டியில் காய்ச்சி உப்பெடுத்தார்கள். ஊற்று வற்றவே கிணறு வெட்டினார்கள்; 13-ஆம் நூற்றாண்டில் பாறை உப்பு தட்டுப்பட்டது. அப்புறம் அரசர் விடுவாரா? மூன்றாம் காசிமிர் 1368-இல் சுரங்கத்துக்கென்றே சட்டம் எழுதிவைத்தார். அவர் கஜானாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உப்புப் பணம்.

அரசர்களைவிட 'பரிகாரிகள்' என் மனத்தில் நின்றுவிட்டார்கள். சுரங்கக் கூரையடியில் மீத்தேன் சேரும். ஈர உடையோடு ஒருவர் தரையோடு தரையாக ஊர்ந்து, நீண்ட கழியில் கட்டிய பந்தத்தால் அதை எரித்துத் தீர்ப்பார். பாவம் தீர மண்டியிட்டு ஊர்பவரைப் போல இருந்ததால் அந்தப் பெயர். குதிரைகளும் உண்டு, 16-ஆம் நூற்றாண்டிலிருந்து. கடைசிக் குதிரை பாஷ்கா மேலே வந்தது 2002-இல்!

101 மீட்டர் ஆழத்தில் கிங்காவுக்கு ஒரு தேவாலயம். 1896-இல் யூசெப் மார்கோவ்ஸ்கி செதுக்கத் தொடங்கினார். பிறகு தம்பி தோமாஷ், அவருக்குப் பின் அந்தோனி விரோதெக். மூவருமே சுரங்கத் தொழிலாளிகள். சரவிளக்கில் தொங்கும் மணிகள்கூட உப்புப் படிகம்.

1978-இல் யுனெஸ்கோவின் முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற 12 இடங்களில் இதுவும் ஒன்று. காற்றோட்டத்துக்காக உள்ளே செலுத்திய காற்றின் ஈரம் சிற்பங்களைக் கரைத்ததால், 1989-இல் அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தார்கள். ஈரமுறிஞ்சும் கருவிகள் வைத்த பிறகு, 1998-இல் அந்த அழிவுப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். என் நாக்கின் ஈரமும் கணக்கில் உண்டு என்று வெட்கமாக இருந்தது.

1996-இல் உப்பு வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கசியும் நீரை இறைத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் சுரங்கமே கரைந்துபோகும். இறைத்த உவர்நீரைக் காய்ச்சி இன்றும் உப்பெடுக்கிறார்கள். வெளியே கடையில் ஒரு பொட்டலம் வாங்கினேன். அது மட்டும் வெள்ளை.