வென்ற காளைக்கு வாரிசு உண்டா?

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா பந்தய வண்டியில் பூட்டி நிற்கும் காங்கேயம் மாட்டின் திமிலைப் பார்த்தாலே விவரம் தெரிந்தவர் ஒரு கணக்குப் போட்டுவிடுவார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதத்தில் மயிலை நிறத்துக்கு வந்துவிடும். காளை முதிர முதிரத் தலையும் கழுத்தும் திமிலும் தொடையும் கறுத்துக்கொண்டே போகும். காயடித்தால் அந்தக் கறுப்பு மெல்ல வடிந்துவிடும். கறுத்த திமில் என்றால் காளை, வெளுத்த திமில் என்றால் எருது. பந்தயத்தில் ஓடி முடித்த பிறகு அதற்கு வாரிசு உண்டா என்பது தோலிலேயே தெரிகிறது.

குதிரை உலகில் ஓட்டம்தான் வாரிசை முடிவு செய்தது. இங்கிலாந்தில் 1764இல் பிறந்த எக்லிப்ஸ் 18 பந்தயங்களில் ஓடியது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 1771இல் களத்தை விட்டுப் பொலிகுதிரையாக லாயத்துக்குப் போனது. இன்று உலகெங்கும் ஓடும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றின் ஆண்வழி அதனிடம்தான் போய்ச் சேர்கிறது. 1791 முதல் வம்சாவளிப் பதிவேட்டை அச்சிட்டு வைத்ததால் இதை அடித்துச் சொல்ல முடிகிறது.

கொங்கு நாட்டில் வரிசையே வேறு. இங்கே பொலிகாளையை முதலில் பொறுக்கிவிடுவார்கள். சுழி, கொம்பு, கால் வைக்கும் அழகு, தாய்ப் பசுவின் குணம் எல்லாம் பார்த்து ஒரு கன்றை ‘பூச்சிக்காளை’யாக நிறுத்துவார்கள். மற்றவை காயடிக்கப்பட்டு ஏருக்கும் வண்டிக்கும் போகும். வண்டி எருது எத்தனை பந்தயம் வென்றாலும் அதன் வம்சம் அதோடு முடிந்தது. அது வாங்கித் தந்த பேர், அதைப் பெற்ற காளைக்குப் போய்ச் சேரும்.

இந்தப் பொறுக்கலைப் பெரிய அளவில் செய்தவர்கள் காங்கேயத்தை அடுத்த பாளையக்கோட்டைப் பட்டக்காரர்கள். நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் மந்தை அந்நாளைய சென்னை மாகாணம் முழுக்கப் பேர் பெற்றது. கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்ந்த காளைகள் அவை. வறண்ட மண்ணில் காலூன்றி வளர்ந்ததால் கிடைத்த உறுதிதான் பின்னாளில் பந்தய மண்ணில் வேகமாக வெளிப்பட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்க்கு மேற்கே பாலக்காட்டிலும் மலப்புறத்திலும் பந்தயம் சேற்றில் நடந்தது. நீர் கட்டிய வயலில் ஜோடிக் காளைகளை விரட்டும் ‘காளப்பூட்டு’ அது. கேரளத்தின் நாட்டு மாடுகளோ உருவில் சிறியவை. வெச்சூர் மாட்டின் சராசரி உயரம் மூன்றடிக்கும் குறைவு. ஆகவே பெருங்காளை வேண்டியவர்கள் கிழக்கே பார்த்தார்கள். 1956 வரை பாலக்காடு, மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்தோடு இருந்தது. பொள்ளாச்சிச் சந்தைக்கும் பாலக்காட்டு வயலுக்கும் இடையே மாடு நடந்தே போய்வந்த தூரம்தான்.

பொலிகாளையின் கதையில் பெரிய திருப்பம் இடுக்கி மலையில் வந்தது. 1961இல் கேரளம் கொண்டுவந்த கால்நடை மேம்பாட்டுச் சட்டம், உரிமம் இல்லாத நாட்டுக் காளைகளைக் காயடிக்கச் சொன்னது. 1963இல் மூணாறை அடுத்த மாட்டுப்பட்டியில் இந்தோ-சுவிஸ் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பிரவுன் சுவிஸ் காளைகளோடு நாட்டுப் பசுக்களைக் கலந்து ‘சுனந்தினி’யை உருவாக்கினார்கள். பால் பெருகியது உண்மை. மலையோரக் குடும்பங்கள் அதனால் பிழைத்ததும் உண்மை. ஆனால் சினை ஊசி வந்த பிறகு ஊருக்கொரு காளை எதற்கு என்ற கேள்வி எழுந்தது. வெச்சூர் இனம் அழியும் விளிம்புக்கே போனது. 1989இல் மண்ணுத்தியில் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி மிச்சமிருந்தவற்றைச் சேர்த்திராவிட்டால் அந்த இனம் இன்று படத்தில்தான் இருந்திருக்கும்.

மலைக்கு இந்தப் பக்கம், குமுளிக்குக் கீழே கம்பத்தில், நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழுவில் இன்னொரு வழக்கம் நிலைத்திருக்கிறது. அங்கே மந்தைக்குத் தலைவன் பட்டத்துக் காளை. அதை ஏரில் பூட்டுவதில்லை, விற்பதில்லை. மாட்டுப் பொங்கலன்று மக்கள் திரண்டு வந்து வணங்குகிறார்கள். கோயிலுக்கு விட்ட காளை ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் பொது என்ற பழைய ஏற்பாடு எவ்வளவு நல்லது என்று அங்கே போனால் புரியும்.

டிராக்டர் வந்து ஏரைப் பறித்தது, லாரி வந்து வண்டியைப் பறித்தது. ஆண் கன்றுக்கு மிஞ்சிய வேலை பந்தயம் ஒன்றுதான். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தபோது அதுவும் நின்றது. ஆணி வைத்த தார்க்குச்சியும் வாலைக் கடிப்பதும் இருந்தது பொய்யில்லை. அவற்றைத் தடுத்தே ஆக வேண்டும். ஆனால் ஓட இடமில்லாத காளைக்கன்றை எந்த விவசாயி தீனி போட்டு வைத்திருப்பார்? அது சந்தைக்குத்தான் போகும். 2017 ஜனவரியில் மெரினா போராட்டத்துக்குப் பின் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. நடுவில் போன வருடங்களில் பிறந்து சந்தைக்குப் போன கன்றுகளில் எத்தனை நல்ல பொலிகாளைகள் இருந்தனவோ.

இன்று பந்தயம் திரும்பியிருக்கிறது. மைக்கில் காளைக்காரர் பெயரும் ஊர்ப் பெயரும் முழங்குகின்றன, காளையின் தகப்பன் யார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அது கிழவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது, அவர்களோடு போய்விடும். விழாக் கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பொங்கல் பந்தயத்தில் பெயர் பதியும் நோட்டில் இன்னும் இரண்டு கோடு போடுங்கள். ஒன்றில் தாய்ப் பசு, மற்றொன்றில் தகப்பன் காளை. வென்ற காளையைக் காயடிக்காமல் விட்டிருந்தால் அதையும் குறித்து வையுங்கள்.