கிடை நாய்க்கு ஏன் பெயர் இல்லை?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் நின்று நாயைப் பற்றி வாயெடுத்தால், பேச்சு நேராக ராஜபாளையத்துக்குப் போய்விடும். அதை விட்டால் சிப்பிப்பாறை, கன்னி. மலைக்கு அந்தப் பக்கம் கோம்பை. எல்லாமே வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் பேர்போனவை. ஆனால் இது ஆடுமாடு பெருத்த பூமி. வெம்பூர் ஆடும் கீழக்கரிசல் ஆடும் கிடை கிடையாக நடந்த கரிசல் காடு கிழக்கே கிடக்கிறது. மேற்கே மலைமாடுகள் ஏறி இறங்கிய தடங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றதற்குப் பின்னாலும் இந்தக் கால்நடைச் செல்வம்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஆடு மேய்க்கவென்றே ஒரு நாய் இனம் ஏன் உருவாகவில்லை? நாய்க்குப் புத்தி போதவில்லை என்பதல்ல விடை. அந்த வேலையை நம் இடையர்கள் நாயிடம் கொடுக்கவே இல்லை என்பதே என் வாதம்.

மேய்ப்பு நாய் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஓநாயின் வேட்டை ஒரு சங்கிலி: உற்றுப் பார்த்தல், பதுங்கி நகர்தல், துரத்தல், கவ்வுதல், கொல்லுதல். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகளை அறுத்துவிட்டு முதல் மூன்றை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கூர்தீட்டினால் பார்டர் கோலி வரும் என்று விளக்கியவர் அமெரிக்க ஆய்வாளர் ரேமண்ட் காப்பிங்கர். வேல்ஸ் நாட்டுக் கார்கியிடம் லேசாகக் கவ்வுவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. முழங்கால் உயரம்கூட இல்லாத அந்தக் குட்டை நாய் மாட்டின் குதிகாலைக் கடித்து விரட்டும். மாடு உதைத்தால் கால் அதன் தலைக்கு மேலே போய்விடும். பிரிட்டனில் மலைமேய்ச்சலில் ஆடுகளை அவிழ்த்துவிட்டு ஆள் வீட்டுக்கு வந்துவிடுவான். சிதறிக் கிடக்கும் மந்தையை ஒற்றை ஆளாய்க் கீழே இறக்க, தூரத்துச் சீழ்க்கைக்குக் கட்டுப்படும் நாய் வேண்டியிருந்தது. 1873இல் வேல்ஸின் பாலாவில் மேய்ப்பு நாய்களுக்குப் போட்டியே வைத்தார்கள்.

இங்கே நிலைமை தலைகீழ். மந்தையை விட்டு ஆள் அகல்வதே இல்லை. பகலில் விளைந்த வெள்ளாமைக்கு நடுவே ஒற்றையடித் தடத்தில் ஆட்டை ஒதுக்கி ஓட்ட வேண்டும். ஆடு வரப்பைத் தாண்டி ஒரு வாய் மேய்ந்தாலும் வம்பு. இந்த நெருக்கத்தில் துரத்துகிற நாய் உதவியல்ல, உபத்திரவம். முன்னே ஒருவன், பின்னே ஒருவன், கையில் தொரட்டிக் கம்பு, வாயில் குரல். முன்னத்தி ஆடு திரும்பினால் மந்தை திரும்பும். இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. நற்றிணையிலும் அகநானூற்றிலும் மழையில் கோலூன்றி நிற்கும் இடையனைப் பாருங்கள். உதட்டை மடித்து அவன் விடுகிற சீழ்க்கை ஒரு பாட்டில் மந்தையை நிறுத்துகிறது. இன்னொரு பாட்டில் குறுநரி அதைக் கேட்டு மிரண்டு புதருக்குள் ஓடுகிறது. மேய்ப்பும் காவலும் ஒரே சீழ்க்கையில் முடிந்துவிட்டன. வெல்ஷ்காரன் நாய்க்குச் சீழ்க்கையடித்தான், நம் ஆள் ஆட்டுக்கே அடித்தான்.

பாட்டில் நாய் வரவில்லை என்பதற்காக மந்தையில் நாயே இல்லை என்று சொல்லிவிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கல்லாகவே இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலம். எருமைகளுக்காக நடந்த சண்டையில் கருந்தேவகத்தி என்ற வீரன் மாண்டான். அவனுடைய நாய் கோவிவன் திருடர்கள் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. வீரனின் பக்கத்தில் நாயையும் செதுக்கி, பெயரையும் வெட்டிவைத்தார்கள். ஆக நாய் இருந்தது. அதன் வேலை ஓட்டுவதல்ல, காப்பது. அறுப்பு முடிந்த வயலில் உரத்துக்காகக் கிடை போடும்போது இன்றும் அதுதான் நடக்கிறது. வலைக்குள் ஆடுகள், கொடாப்புக்குள் குட்டிகள், வெளியே மண்ணைப் பறித்துச் சுருண்டு படுத்த சின்ன நாட்டு நாய். கண்திறக்காத நாளிலிருந்து ஆட்டுக்கூட்டத்தில் வளர்ந்த நாய் அது. அதைக் கண்டு ஆடு மிரளாது, மிரளாத ஆட்டை நாய் விரட்டவும் முடியாது. இருட்டில் குரைத்து ஆளை எழுப்பினால் போதும். அதற்கு நிறம் வேண்டாம், உயரம் வேண்டாம், வம்சாவளி வேண்டாம். தேர்ந்து பெருக்காத இடத்தில் இனம் என்று ஒன்று உருவாவதில்லை. கோவிவன் என்ற ஒற்றை நாய்க்குப் பெயர் கிடைத்தது, அதன் சாதிக்குக் கிடைக்கவில்லை.

ராஜபாளையம் நாயே ஆதியில் கிடைக்காவல் நாய்தானே என்று சிலர் வாதிடுவார்கள். ஐரோப்பாவின் மரேம்மா, கொமொண்டோர் போன்ற மந்தைக்காவல் நாய்களும் வெள்ளைதான். இருட்டில் ஓநாயிடமிருந்து பிரித்துப் பார்க்க வெள்ளை உதவும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாய்களின் மூக்கு கறுப்பு. ராஜபாளையத்தின் மூக்கு இளஞ்சிவப்பு; தோலிலேயே நிறமி இல்லை. உட்காதுக்கும் நிறமி அணுக்கள் தேவை என்பதால், தூய வெள்ளையையே பொறுக்கி வளர்த்த இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது நெடுநாள் குறை. காது கேளாத நாயை, கிடைக்குத் தலைவனான எந்தக் கீதாரி தன் கிடையில் கட்டுவான்? ஈற்றில் செவிட்டுக் குட்டி விழுந்தாலும் பரவாயில்லை, நிறம் குன்றக்கூடாது என்று நினைக்கக்கூடியது மாளிகைதான். நெடிய கால், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு எல்லாம் பன்றி வேட்டைக்கு வாய்த்த உடம்பு. அந்த நாயைக் குறைத்துச் சொல்லவில்லை. அதன் வரலாறு வேறு என்கிறேன்.

2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ராம்பூர், முதோல், ராஜபாளையம், இமாலய ஆட்டு நாய். ஆட்டின் பெயரால் தபால்தலை பெற்றது இமயமலை நாய் ஒன்றே. தென்னாட்டில் மேய்ப்பு வேலையோடு பெயரும் பெற்றது ஆந்திரத்து ஜோனங்கி. கொல்லேறு ஏரிக்கரையில் வாத்து மேய்த்தது. ஏரி மீன்பண்ணைகளாக மாறியபோது அதன் பிழைப்பும் போயிற்று. செண்பகத்தோப்பிலும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், 2022இல் சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றத் தடை. காட்டின் பக்கமிருந்து பார்த்தால் அதிலும் நியாயம் உண்டு. ஊர்நாய் மானை விரட்டும், செந்நாய்க்கு நோயைக் கொடுக்கும். மலைக்குப் போக முடியாத நாய் கரிசல் வயலிலேயே தங்கிவிட்டது. அங்கே ஓநாய் இல்லை. ராத்திரியில் வண்டி கொண்டுவந்து ஆட்டைத் தூக்கிப்போகும் ஆட்கள் இருக்கிறார்கள். கோவிவனின் வேலை இன்னும் காலியாகவில்லை.