ஒயருக்குச் சட்டை, சிப்புக்குத் தண்ணீர், நடுவில் கொஞ்சம் மண்

திட்டக்குடி மாதிரி ஊர்களிலும் இப்போது பிள்ளைகள் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்கிறார்கள். அதில் ஒரு சாராருக்குச் சின்னப் பெட்டி மேல்தான் ஆசை. ஒரு குடம் தண்ணீர் கொள்ளும் அளவுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். ஒவ்வொரு ஒயருக்கும் அளவெடுத்து, பின்னல் உறை மாட்ட வேண்டும். ப்ராசஸரைத் தண்ணீரால் குளிர்விக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு இது புதுசாகவும் ஆடம்பரமாகவும் தெரியும். புதுசு என்பது மட்டும் சரியில்லை. இந்த இரண்டு வேலைக்கும் ஐம்பது அறுபது வருஷக் கதை இருக்கிறது. அந்தக் கதையின் நடுவில் பக்கத்து விருத்தாசலத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளும் இருக்கிறது.

முதலில் ஒயர். நூல் பின்னிய ஒயர் நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலேயே உண்டு. சூடு பட்டாலும் உரசினாலும் உள்ளே இருக்கும் ரப்பர் கெடாமல் இருக்கத்தான் அந்த நூல் சட்டை. இன்று கம்ப்யூட்டர் ஒயருக்கு மாட்டும் உறை நைலானிலோ பாலியெஸ்டரிலோ வருகிறது. பாராசூட் கயிற்றின் மேலுறையை உருவி மாட்டுகிறவர்களும் உண்டு. இதில் பாதி அழகுக்காக என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒயரை அளவாக வெட்டுவது அழகு மட்டும் அல்ல. சின்னப் பெட்டிக்குள் சுருட்டி அடைத்த உபரி ஒயர் காற்று போகும் வழியை மறித்துவிடும்.

பெரிய கம்ப்யூட்டர்களில் ஒயரின் நீளமே வேகத்தைத் தீர்மானித்தது. ஒளிகூட ஒரு நானோ நொடியில் சுமார் 30 சென்டிமீட்டர்தான் போகும். இதைப் புரியவைக்க அமெரிக்கக் கடற்படை அதிகாரி கிரேஸ் ஹாப்பர் அந்த நீளத்துக்கு ஒயரை நறுக்கி, கூட்டங்களில் ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். சீமோர் க்ரே 1976-ல் கொண்டுவந்த க்ரே-1 இயந்திரத்தை மேலிருந்து பார்த்தால் 'சி' எழுத்து மாதிரி இருக்கும். ஒயரெல்லாம் வளைவின் உட்பக்கம் ஓடினால் நீளம் குறையும் என்பது கணக்கு. அதில் எந்த ஒயரும் சுமார் நாலு அடிக்கு மேல் கிடையாது.

ஒயரைச் சுருக்கினால் பாகங்கள் நெருங்கும். பாகங்கள் நெருங்கினால் சூடு ஒரே இடத்தில் குவியும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்: ஒயர்ப் பிரச்சினையும் சூட்டுப் பிரச்சினையும் வேறு வேறு இல்லை, ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று பெரிதாகும். க்ரே தன் இயந்திரத்தை ஃபிரிட்ஜில் ஓடுகிற ஃபிரியானை வைத்துக் குளிர்வித்தார். ஐபிஎம் தண்ணீர்ப் பக்கம் போனது. ஒரே கன அளவில் காற்றைவிடத் தண்ணீர் 3,000 மடங்குக்கு மேல் சூட்டைத் தாங்கும். அறுபதுகளில் வந்த சிஸ்டம்/360 மாடல் 91-லேயே தண்ணீர் ஓடியது.

1980-ல் ஐபிஎம் 3081 வந்தபோதுதான் மண் உள்ளே வருகிறது. அதுவரை ஒயராக ஓடிக்கொண்டிருந்த இணைப்புகளில் பெரும்பகுதியை ஒரு பீங்கான் தகட்டுக்குள் அச்சடித்துவிட்டார்கள். 9 சென்டிமீட்டர் சதுரத் தகடு, உள்ளே 33 அடுக்கு, மேலே நூற்றுக்கும் அதிகமான சிப்புகள். ஒவ்வொரு சிப்பின் தலையிலும் ஒரு பிஸ்டன் ஸ்பிரிங்கால் அழுந்தி நிற்கும், இடைவெளியில் ஹீலியம் வாயு, அதற்கு மேல் தண்ணீர் ஓடும் உலோக மூடி.

அந்தத் தகட்டைச் செய்த முறையைக் கேட்டால் எந்தக் குயவரும் தலையாட்டுவார். அலுமினாப் பொடியைக் குழைத்து மெல்லிய தாளாக வார்ப்பார்கள். சுடாத அந்தத் தாளுக்கு ஆங்கிலத்திலும் 'பச்சைத் தாள்' என்றே பெயர், நாம் பச்சைப் பானை என்கிறோமே அதே மாதிரி. துளையிட்டு, உலோகக் குழம்பால் கோடு அச்சடித்து, அடுக்கி, சூளையில் சுடுவார்கள். சுட்டால் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் பச்சையில் அளவு வைக்க வேண்டும். கை வேலையானாலும் கம்ப்யூட்டர் வேலையானாலும் சூளைக்கு முன்னால் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

இதைச் சும்மா பெருமைக்காகச் சொல்லவில்லை. ஜப்பானின் கியோட்டோவும் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அங்கே 1959-ல் கசுவோ இனமோரி 'கியோட்டோ செராமிக்' என்று ஒரு சின்னக் கம்பெனி தொடங்கினார். முதல் சரக்கு டிவி பிக்சர் டியூபுக்கான பீங்கான் இன்சுலேட்டர். 1966-ல் ஐபிஎம்மிடமிருந்து கம்ப்யூட்டர் சர்க்யூட்டுக்கான அலுமினாத் தகடுகளுக்கு 2.5 கோடி எண்ணிக்கையில் ஆர்டர் கிடைத்தது. இன்று கியோசெரா என்று உலகம் சொல்வது அந்தக் கம்பெனியைத்தான். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கு, செராமிக் டிப்ளமோ சொல்லித்தர அரசு நிறுவனமும் இருக்கு. இன்சுலேட்டரிலிருந்து சிப் வரைக்கும் ஒரு பாதை உண்டு, அதில் ஒரு ஊர் நடந்தும் காட்டியிருக்கிறது என்பதை அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

தொண்ணூறுகளில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சீமாஸ் சிப்புகள் வந்ததும் பெரிய இயந்திரங்களிலிருந்து தண்ணீர் வெளியேறியது. அதே சமயத்தில் அது வீடுகளுக்குள் நுழைந்தது. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ சிப்பை 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450-க்கு ஏற்றலாம் என்று கண்டுபிடித்தவர்கள், மீன்தொட்டிப் பம்பையும் கார் ரேடியேட்டரையும் வைத்துத் தண்ணீர் ஓட்டினார்கள். 2001-ல் வியா நிறுவனம் 17 சென்டிமீட்டர் சதுரத்தில் மினி-ஐடிஎக்ஸ் போர்டைக் கொண்டுவந்தது. பெட்டி சுருங்கியதும் க்ரேயின் பழைய சிக்கல் மேசைக்கு வந்துவிட்டது. 3081-ன் அந்த முழுத் தகடும் சேர்ந்து வெளியிட்ட சூடு 300 வாட் அளவு. இன்று ஒரே ஒரு இன்டெல் 14900கே சிப் 253 வாட் வரை இழுக்கும்.

இங்கே செய்கிறவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. ரேடியேட்டர் வைத்த தண்ணீர் அறைக் காற்றைவிடக் குளிராது. மே மாதம் அறையே 40 டிகிரி என்றால் தண்ணீர் அதற்கு மேல்தான் நிற்கும். போர் தண்ணீர் ஊற்றவே கூடாது, உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டரோடு அரிப்புத் தடுப்பானும் சேர்க்க வேண்டும். ஒரே சுற்றில் தாமிரமும் அலுமினியமும் கலந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

பெரிய இயந்திரங்களுக்கும் தண்ணீர் திரும்பிவிட்டது. தொழுதூர் போய் நாற்கரச் சாலையைப் பிடித்தால் திருச்சி. அங்கே என்ஐடியில் 2022 மே 25 அன்று திறக்கப்பட்ட 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டர் 838 டெராஃப்ளாப் வேகம் கொண்டது. அதன் சூட்டையும் திரவம்தான் எடுத்துப் போகிறது. வீட்டில் சின்னப் பெட்டிக்குள் குழாய் வளைக்கிற பிள்ளை விளையாட்டுக்குச் செய்கிறான் என்று வீட்டில் நினைக்கலாம். திருச்சியில் அதே வேலைக்குத்தான் என்ஜினியர்கள் சம்பளம் வாங்குகிறார்கள்.